நீர்க்க நீர்க்க ஏறிய எண்

குணசேகரனுக்கு ஊசியைப் பார்த்துப் பயமில்லை. பக்கவாட்டில் எது வந்தாலும்தான் பயம். ரத்தம் எடுக்க மகிழினி வலப்பக்கமாக வந்து கையைத் தொட்டதும் நாற்காலியோடு துள்ளினார். கையில் கட்ட எடுத்த ரப்பர் பட்டை கீழே விழுந்தது.

"இன்னாமா நீ, எங்கேர்ந்து வந்த?"

"இங்கதாண்ணா நின்னுகினு இருந்தேன்."

"அவுருக்கு சைடு தெரியாதும்மா," என்றாள் அவர் மனைவி தாயம்மா. "நேரா நின்னாதான் கண்ணுக்குத் தெரிவோம். பக்கத்துல நின்னா நீயும் இல்ல, நானும் இல்ல. மூணு மாசமா நான் நிம்மதியா கீறேன்னு வெச்சுக்கோயேன்."

குணசேகரன் சிரித்தார். காசிமேட்டில் மீன் பெட்டி தூக்குகிறவர். தோளும் கழுத்தும் ஒன்றாகிப்போன உடம்பு. முதலில் படகுப் பலகையில் போகும்போது எதிரே வருகிறவன்மேல் மோதினார். குடித்திருக்கிறார் என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். பிறகு மீன்பாடி வண்டி ஒன்று இடித்துத் தள்ளியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், மூளைக்கு அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி உட்கார்ந்து கண் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது.

"செவ்வாக்கெழம ஆப்ரேசன்," என்றாள் தாயம்மா. சிரிப்பு போய்விட்டது. "மண்டைய தொறந்து எடுக்கணுமாம். அதுக்கு முன்னாடி சக்கர கீதா, ரத்தம் ஒயுங்கா உறையுதான்னு பாத்துகினு வரச்சொன்னாங்க. போன வாரம் இங்கதானே ஒரு டெஸ்ட்டு எடுத்தோம்? அதுல மட்டும் ஆயிரக்கணக்குல வந்திருந்தா மாத்திரையிலயே கட்டி கரைஞ்சிருக்குமாம். எம்பத்தாறுதான் வந்துச்சு. அத்தொட்டு கத்திதான்னுட்டாரு டாக்டரு."

"அது இன்னா டெஸ்ட்டு தெரியுமா?" என்றார் குணசேகரன், குரலைத் தாழ்த்தி. "பால் சுரக்குற ஹார்மோனாம். ஆம்பளைக்கு இன்னாத்துக்கு அது? ஹார்பர்ல நம்ம தோஸ்துங்க காதுல வுழுந்தா எனுக்கு ஒரு பால் பூத்தே வெச்சுக் குடுத்துடுவானுங்க."

மகிழினி சிரித்துக்கொண்டே ரத்தம் எடுத்தாள். முடிவு வரும்வரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால், ஐஸ் வண்டிகள் திரும்பும் சந்தில் இருந்தது அந்த லேப். முதலாளி ஆன்றோ நாகர்கோவில் பக்கத்துக்காரர். மருந்துக்கடையாக ஆரம்பித்து லேபாக வளர்ந்தவர். எம்.கே.பி. நகரிலிருந்து வரும் மகிழினி அங்கே மூன்று வருடமாக டெக்னீசியன். அவளிடம் ஒரு குணம் உண்டு. மெஷின் ஓர் எண்ணைச் சொன்னால் "சரி" என்று போகமாட்டாள். எப்படிச் சொன்னது என்று அதன் மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றும். இதற்காகவே ஆன்றோவிடம் அவ்வப்போது வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

அன்று அவளுக்குக் கொடுத்திருந்த வேலையும் அந்தக் குணத்துக்கு ஏற்றதுதான். அந்த ஹார்மோன் மெஷின் இருநூறு வரைதான் எண் சொல்லும். அதற்கு மேல் போனால் "இருநூறுக்கு மேல்" என்று மட்டும் அச்சடித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

"டாக்டருங்க கேக்காவம்மா," என்று காலையில் அலுத்துக்கொண்டார் ஆன்றோ. "இருநூறுக்கு மேலன்னா இருநூத்தியொண்ணா, ரெண்டாயிரமா? நான் என்னத்தச் சொல்லுதது? அடுத்த தெரு லேப்ல நம்பரா குடுக்கான். நாமளும் குடுக்கணும்."

மெஷின்மேல் குற்றமில்லை. அதற்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். கம்பெனியிலிருந்து சின்னச் சின்ன பாட்டில்கள் வரும். ஒன்றில் ஹார்மோனே இருக்காது, ஒன்றில் பத்து, ஒன்றில் ஐம்பது, கடைசி பாட்டிலில் இருநூறு. ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளி தருகிறது என்று பார்த்து மெஷின் தனக்குள் ஒரு கோடு வரைந்துகொள்ளும். நோயாளியின் ரத்தம் தரும் ஒளியை அந்தக் கோட்டில் வைத்து எண் சொல்லும். கோடு முடிகிற இடத்தில் அதன் உலகமும் முடிந்துவிடும்.

அந்த உலகத்தை நீட்ட ஒரு வழி இருக்கிறது. ரத்தத்திலிருந்து பிரித்த ரத்தநீரில் கம்பெனி தரும் கரைசலை ஊற்றிப் பத்து பங்காகப் பெருக்கி, வருகிற எண்ணைப் பத்தால் பெருக்கினால் போதும். ஆனால் அந்த வழி இந்த மெஷினில் நேர்மையாக நடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பாதியாக்கினால் பாதி வர வேண்டும், பத்தில் ஒன்றாக்கினால் பத்தில் ஒன்று. அப்படி வந்தால்தான் அதை நம்பி ரிப்போர்ட்டில் எண் போடலாம்.

அதற்கு எண் அதிகமுள்ள ரத்தநீர் வேண்டும். இருநூறைத் தாண்டிய ஒரே குழாயும் முந்தாநாள் தீர்ந்துவிட்டது. "ஃபிரிட்ஜில இருக்கதுல பெரிசு எதுவோ அதை எடு," என்றார் ஆன்றோ. அவள் தேடினாள். பெரியது எண்பத்தாறு. குழாயில் பெயர் இல்லை, வரிசை எண் மட்டும்தான். எண்பத்தாறு என்றதும் சற்று முன் கேட்டது அவளுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் கையில் பைப்பெட் இருக்கும்போது அவளுக்கு வேறெதுவும் ஓடாது.

பாதியாக நீர்த்துப் போட்டாள். நாற்பத்து மூன்று வர வேண்டும்.

நூற்று ஐம்பத்தொன்று வந்தது.

கை தவறிவிட்டது என்று நினைத்தாள். பைப்பெட்டுக்குப் புது முனை மாட்டி மறுபடி கலந்தாள். நூற்று நாற்பத்தெட்டு. சரி, பத்தில் ஒன்றாக்கிப் பார்ப்போம் என்று போட்டாள். மெஷின் "இருநூறுக்கு மேல்" என்றது.

மகிழினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோரில் தண்ணீர் விட விட அது கெட்டித் தயிராகிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? பயமாக இல்லை. ஏதோ ஒரு கதவு லேசாகத் திறந்து உள்ளேயிருந்து காற்று வருகிற மாதிரி இருந்தது.

மெஷினுக்குப் பைத்தியமா என்று பார்க்க, அறுபது காட்டிய இன்னொருவர் ரத்தநீரை நீர்த்துப் போட்டாள். முப்பது. இன்னும் நீர்த்தாள். ஆறு. சொன்னபடி கேட்கும் பிள்ளை மாதிரி இறங்கியது. அப்படியென்றால் மெஷினும் சரி, கையும் சரி. அந்த ஒரு ரத்தத்தில்தான் ஏதோ இருக்கிறது.

வரிசை எண்ணைக் கணினியில் அடித்தாள். திரையில் வந்த பெயர் குணசேகரன்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாயம்மா அவருக்கு நேர் எதிரே, அவர் பார்க்கும்படி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மகிழினி திரையை விட்டு எழுந்தாள். தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள்.

குணசேகரன் மனைவிக்குத் துறைமுகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போக முடியாவிட்டாலும் விடிந்தால் அங்கே போய் உட்காராமல் அவருக்கு இருக்க முடியாது.

"இன்னிக்கு எல்லா போட்டும் ஒண்ணா வந்து சொருவிடுச்சு தாயி. பெட்டி மலை மாதிரி கீது. ஐஸ் போட்ட பெட்டி, ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிச்சாத்தானே எழும்பும்? பசங்க இன்னா பண்ணானுங்க, ஆளுக்கு ஒரு பெட்டிய ஒரு பக்கம் புடிச்சுகினு, 'இது என்து, இது என்து'ன்னு நிக்கிறானுங்க. இன்னொரு பக்கம் புடிக்க ஆள் இல்ல. ஒரு பெட்டி நகரல! மேல ஏலம் வுடுறவரு எட்டிப் பாத்து, 'இன்னாடா, இன்னிக்கு சரக்கே வர்லியா?'ன்றாரு!"

தாயம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். மகிழினி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நின்றாள்.

மெஷினுக்குள்ளும் ரெண்டு வகைக் கைகள்தான், எல்லாம் எண்ணிப் போட்ட மருந்துத் துகள்கள். ஒரு கை ஹார்மோனைப் பிடித்துச் சின்ன மணியோடு ஒட்டவைக்கும். இன்னொரு கை மறுபக்கம் பிடித்து ஒளி விடும். இரண்டு பக்கமும் பிடித்தது மட்டும்தான் மெஷினின் கண்ணுக்குத் தெரியும், மீதியெல்லாம் கழுவிக்கொண்டு சாக்கடைக்குப் போய்விடும். ஹார்மோன் அளவாக வந்தால் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் பிடிக்கலாம். மலை மாதிரி வந்து குவிந்தால்? ஒவ்வொரு கையும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். மேலே நிற்கும் மெஷின் எட்டிப் பார்த்து, சரக்கே இல்லை என்று சொல்லும்.

படிக்கும்போது ஒரு படம் பார்த்திருந்தாள். ஏறிக்கொண்டே போகும் கோடு உச்சியில் கொக்கி மாதிரி வளைந்து கீழே இறங்கும். பரீட்சைக்கு வராது என்று பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.

"இன்னாமா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் குணசேகரன். அவள் இப்போது அவருக்கு நேராக நின்றிருந்தாள்.

"ஒண்ணும் இல்லண்ணா. இன்னும் கொஞ்ச நேரம் குந்துங்க. போயிடாதீங்க."

போன வாரத்துக் குழாய் மாறிப்போயிருக்கலாம் என்ற பேச்சே வரக்கூடாது என்று, சற்று முன் அவள் கையால் எடுத்த புது ரத்தத்தை எடுத்தாள். நீர்க்காமல் போட்டாள்: எண்பத்தொன்பது. நூறில் ஒன்றாக நீர்த்தாள்: நூற்று அறுபத்தெட்டு. இருநூறில் ஒன்றாக: எண்பத்து மூன்று. காகிதத்தில் பெருக்கினாள். ஒன்று பதினாறாயிரத்து எண்ணூறு, இன்னொன்று பதினாறாயிரத்து அறுநூறு. வேறு வேறு வழியில் போன இரண்டு பேர் ஒரே வீட்டு வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

ஆன்றோவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"என்னம்மா சொல்லுத? எம்பத்தாறு எப்படி பதினாறாயிரம் ஆவும்?"

அவள் பெட்டிக் கதையைச் சொன்னாள். ஆன்றோ மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போன வாரம் எம்பத்தாறுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நாமதான், பாத்துக்கோ."

"நான்தான் சார் ரன் பண்ணேன்."

"நம்ம ரிப்போர்ட்டு தப்புன்னு நாமளே போன் போட்டுச் சொல்லணுங்கியா? நாளைக்கு எந்த டாக்டர் நம்ம லேப்புக்கு எழுதுவாவ?"

"செவ்வாக்கெழம அவுரு மண்டைய தொறப்பாங்க சார்."

ஆன்றோ கண்ணாடிக் கதவு வழியே வெளியே பார்த்தார். தாயம்மா வெள்ளரிப்பிஞ்சை மிளகாய்த்தூளில் தொட்டு, கணவன் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு அப்புறம்தான் கையில் கொடுத்தாள். ஆன்றோ அதைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தார்.

டாக்டர் முதலில் நம்பவில்லை. "எண்பத்தாறுன்னுதானே கொடுத்தீங்க?" என்ற அதட்டல் மகிழினிக்கே கேட்டது. ஆன்றோ தடுமாறினார். பிறகு போனை அவளிடம் நீட்டினார். "நீயே சொல்லும்மா. பெட்டிக் கதை வேண்டாம், நம்பரைச் சொல்லு."

அவள் எண்களை வரிசையாகச் சொன்னாள். எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அவ்வளவு பெரிய கட்டிக்கு எண்பத்தாறு கம்மிதான்," என்றது குரல் கடைசியில், தனக்குத்தானே பேசுவது மாதிரி. "நீர்த்துப் பார்க்கச் சொல்லி நான் கேட்டிருக்கணும். எல்லாத்தையும் எழுதி இன்னைக்கே அனுப்புங்க. ஆபரேஷன் வேண்டாம். மாத்திரை ஆரம்பிச்சுப் பார்ப்போம். கண்ணு தெளியலேன்னா அப்புறம் யோசிக்கலாம்."

விஷயத்தைக் கேட்டதும் தாயம்மா எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"எம்பத்தாறு எங்க கீது, பதினாறாயிரம் எங்க கீது! இப்ப நான் சந்தோசப்படணுமா, அழுவணுமா? ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி."

"சந்தோசப்படும்மா," என்றார் ஆன்றோ. "பழைய ரிப்போர்ட்டு எங்க தப்பு. அதைக் கிழிச்சுப் போட்டிராத, டாக்டர்ட்ட ரெண்டையும் காட்டு."

"பதினாறாயிரமா!" குணசேகரன் வாயைப் பிளந்தார். "பூத்து இல்ல தாயி, பால் பண்ணையே வெக்கலாம் போல கீது."

தாயம்மா அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பக்கவாட்டிலிருந்து வந்த அடி. அவர் பார்க்கவில்லை.

மாத்திரை தொடங்கிச் சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வந்தார்கள். மகிழினி பழக்கமாக அவருக்கு எதிரே உட்கார்ந்து எடுத்தாள். ஆவலை அடக்க முடியாமல் முதலில் நீர்க்காமலே போட்டுப் பார்த்தாள். கதவருகே வந்து எட்டிப் பார்த்த தாயம்மா திரையைக் கண்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"அய்யே! அன்னிக்கு எம்பத்தாறு, இன்னிக்கு இருநூறுக்கு மேல! ஏறிகினு கீதே மகிழினி!"

"இறங்குதுக்கா," என்று சிரித்தாள் மகிழினி. "அன்னிக்கு பெட்டி மலை மாதிரி இருந்துச்சு, எதுவும் எழும்பல. இன்னிக்கு கொஞ்சமாத்தான் வந்திருக்கு, அதனால நெறைய எழும்புது. இருங்க, நீர்த்துப் போட்டு நெஜ நம்பரைச் சொல்றேன்."

இப்போதெல்லாம் இந்த ஹார்மோன் கேட்டு வரும் எல்லா ரத்தத்தையும், எண் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், ஒருமுறை நூறில் ஒன்றாக நீர்த்துப் பார்த்துவிட்டுத்தான் ரிப்போர்ட் கொடுக்கிறார்கள். கரைசல் பாட்டில் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று ஆன்றோ முனகுவார். ஆனால் தீர்வதற்கு முன்பே அடுத்ததை அவரே வாங்கி வைத்துவிடுவார்.

அன்று குணசேகரனுக்கு நீர்த்துப் போட்டதில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வந்தது. அச்சடித்து, சூடு ஆறுவதற்குள் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். குணசேகரன் தலையைப் பின்னால் சாய்த்து எதிர்ச்சுவரில் ஓடும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிய அவசரத்தில் அவருடைய வலப்பக்கம் போய் நின்றுவிட்டோம் என்பது நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. துள்ளிவிடுவாரே என்று ஓர் அடி பின்வாங்கினாள்.

அவர் பல்லியிடமிருந்து கண்ணை எடுக்காமலே வலக்கையை நீட்டினார்.

"குடுமா. எத்தினின்னு வந்திச்சு?"