பதினெட்டாம் நம்பர்

தையல்காரி சுற்றுலா கிளம்பியதே தெருவுக்கு வியப்பு. நாத்தனாரோடு கிளம்பியது அதைவிட வியப்பு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, உப்பு டப்பா எங்கே என்று கேட்கக்கூட நடுவில் ஒரு ஆளைத் தேடுகிறவர்கள் அவர்கள். ஆனால் விளம்பரத் தாளில் ‘இருவராக வந்தால் ஒருவருக்குப் பாதிக் கட்டணம்’ என்று போட்டிருந்தது. புருஷன்காரனுக்கு லீவு இல்லை. பாதி விலைக்கு முன்னால் பகை எத்தனை நாள் நிற்கும்? இருவரும் ஒரே பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டு, நடுவில் ஒரு துண்டை எல்லைக்கோடாகப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிவிட்டார்கள்.

நாத்தனார் அறுபதைத் தாண்டியவர். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். வேலை ஓய்ந்தும் கண் ஓயவில்லை. பலகை என்று ஒன்று தென்பட்டால் போதும், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை வாசித்தாக வேண்டும். அந்த ஆற்றங்கரை ஊரோ வெள்ளைக்காரன் கட்டிப்போட்டுவிட்டுப் போன ஊர். இற்றுப்போன ஜன்னல், முள் இல்லாத மணிக்கூண்டு, வாயில் யாரோ பிஸ்கட் உறையைத் திணித்த பீரங்கி என்று எதற்குப் பக்கத்திலும் ஒரு பலகை நின்றது. எல்லாரும் பார்த்து, படம் எடுத்து, மோர் குடித்து முடித்தாலும் அவர் மட்டும் இரண்டாவது பத்தியில்தான் இருப்பார்.

கைடு முதல் நாள் தலைகளை எண்ணிப் பார்த்துத் தோற்றுப்போனார். ஆரஞ்சுத் தொப்பி போட்ட முப்பத்து நாலு தலைகளும் ஓர் இடத்தில் நின்றால்தானே. அதனால் ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்தார். வண்டி கிளம்பும்முன் அவரவர் நம்பரை அவரவர் சொல்ல வேண்டும். தையல்காரி பதினேழு. நாத்தனார் பதினெட்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பதினேழுக்கு அப்புறம் ஒரு பள்ளம் விழும். பஸ் மொத்தமும் திரும்பித் தையல்காரியை முறைக்கும். இரண்டு நிறுத்தம் பொறுத்தாள். மூன்றாவதில், குரலை மூக்குக்குள் ஏற்றி, நாத்தனாரைப் போலவே இழுத்து, “பதினெட்டு” என்று அவளே சொல்லிவிட்டாள். நாத்தனார் அடுத்த நிமிஷமே வந்து ஏறிவிட்டதால் எதுவும் குடிமுழுகவில்லை. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

“டபுள் ஆக்ட் நல்லாப் பண்றீங்க,” என்றாள் பின் சீட்டுப் பல் டாக்டர் சம்சாரம். “வீட்லயும் இப்படித்தானா?”

“வீட்ல அவங்க பேசறதுக்கு என் வாய் தேவைப்படாது.”

மறுநாள் காலையில் கைடு மைக்கைத் தட்டினார். “ஒருத்தரே ரெண்டு குரல்ல பேசறது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. இன்னொரு தடவை காதுல விழுந்தா பெட்டியை ரோட்ல இறக்கி வச்சிட்டு போய்க்கிட்டே இருப்பேன்.”

தையல்காரி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

மதியம் இலவசப் படகுச் சவாரி. ஆற்றின் நடுவே சின்னத் திட்டு. அதில் பழைய சுங்கக் கட்டடம். கீழே ஒரு நிலவறை. வரி கட்டாதவர்களைப் பூட்டிவைத்த இடமாம். “நாலு மணிக்குக் கடல் தண்ணி ஆத்துக்குள்ள ஏறும். நிலவறைக்குள்ளயும் வரும். காவலாளி அதுக்குள்ள பூட்டிட்டுத் தன் தோணில போயிடுவாரு,” என்றார் கைடு. நிலவறைச் சுவரில் தலைக்கு மேலே ஒரு பச்சைக் கோடு இருந்தது. தண்ணீர் நின்று நின்று பதிந்த பாசி. அதைப் பார்த்ததும் தையல்காரிக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. நாத்தனார் இருட்டு மூலையில் ஒரு பலகையோடு மூக்கு உரச நின்றிருந்தார்.

“வாங்கக்கா, போலாம்.”

“நீ போ. எழுத்து சரியாத் தெரியல.”

தையல்காரி போய்விட்டாள். கால் வலி. படகில் ஓரத்து இடம் போய்விடும் என்ற அவசரம் வேறு.

படகில் நம்பர் ஆரம்பித்தது. “பதினேழு” என்றாள். திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையில் குனிந்த ஓர் ஆரஞ்சுத் தொப்பி, நாத்தனார் கட்டியிருந்ததைப் போலவே சாம்பல் சேலை. வந்துவிட்டார், காதில் விழவில்லை போலும். கைடின் முகத்தைப் பார்க்காமல் கைக்குட்டையை வாயில் வைத்து, “பதினெட்டு” என்றாள். பத்தொன்பது தொடர்ந்தது. படகு கிளம்பியது.

பாதி ஆறு தாண்டியதும் தொப்பிக்காரி நிமிர்ந்து தும்மினாள். பல் டாக்டர் சம்சாரம்.

 முன்வரிசை, பின்வரிசை, இன்ஜின் பக்கம் என்று தையல்காரி ஒவ்வொரு தொப்பிக்கு அடியிலும் பார்த்தாள். இல்லை. திட்டின் படித்துறை தூரத்தில் தெரிந்தது. இறங்கும்போது ஒன்பது படி எண்ணியிருந்தாள். இப்போது எட்டு.

சொல்லிவிட வேண்டும்.  பெட்டி ரோட்டுக்குப் போகட்டும், அது இல்லை பயம். தெரு என்ன சொல்லும்? வீட்டில் முகம் கொடுத்துப் பேசாதவள், ஆற்று நடுவே விட்டுவிட்டு, அவர் வந்துவிட்டதாகக் குரல் வேறு கொடுத்தாள் என்று சொல்லும். தவறிப்போய்ச் செய்தேன் என்றால் எந்தக் கழுதை நம்பும்? கட்டின புருஷன் நம்புவானா? காவலாளி பார்த்திருப்பார், மேலே கூட்டி வந்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போது பார்த்து காவலாளியின் தோணி இவர்களைத் தாண்டிக்கொண்டு போனது. அதில் அவர் ஒருவர்தான். சாவிக்கொத்து மடியில்.

ஏழு படி. ஆறு. ஐந்தாவது படியின் விளிம்பில் நுரை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணை எடுக்கவும் முடியவில்லை, வாயைத் திறக்கவும் முடியவில்லை. அது மூழ்கியதும் எழுந்தாள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

“உட்காரும்மா,” என்று அதட்டினான் படகோட்டி.

“எங்க அக்கா அங்க இருக்காங்க. பதினெட்டு நான்தான் சொன்னேன்.”

கைடுக்கு முகம் வெளுத்துவிட்டது. திட்டக்கூட மறந்துபோய் லிஸ்டை எடுத்து நாத்தனாரின் போன் நம்பரை அடித்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். மணி அடித்தது. தையல்காரியின் கைப்பைக்குள். தன் பை கனக்கிறது என்று காலையில் நாத்தனார்தான் அதில் போட்டு வைத்திருந்தார்.

“திருப்புங்க,” என்றார் கைடு.

“இந்த ஏத்தத்துலயா? முப்பது பேரை வச்சுக்கிட்டா?”

“நான் நீந்திப் போகவா?” என்று தையல்காரி கேட்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. குளியலறை வாளிதான் அவள் பார்த்த ஆழம். ஆனால் கேட்ட விதத்தில் படகோட்டி அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு இன்ஜினைத் திருப்பினான்.

திரும்பிப் போவது வந்ததைப்போல மும்மடங்கு நேரம் பிடித்தது.  சேருகையில் மேலே இரண்டு படிதான் மிச்சம். நிலவறைக் கதவில் பூட்டு. ஆற்றுப் பக்கத்துக் கம்பி ஜன்னல் பாதிக்குமேல் முங்கி, தண்ணீர் உள்ளே சளசளவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா.”

பதில் இல்லை. “அக்கா,” என்று கதவில் இரண்டு கையாலும் அறைந்தாள். உள்ளே தண்ணீர் சுவரில் மோதும் சத்தம் மட்டும். 

படகோட்டி நங்கூரத்தைத் தூக்கிவந்து பூட்டின்மேல் போட்டான். மூன்றாவது அடியில் துருப்பிடித்த கொண்டி பிய்ந்தது. கதவு திறந்ததும் இருட்டும் ஈர வாடையும் முகத்தில் அடித்தன. நாத்தனார் உள்படிகளில் கடைசி மேல்படியில், சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தார். தண்ணீர் கணுக்காலைத் தொட்டிருந்தது, சேலை தொடைவரை ஈரம். ஒரு காலில் செருப்பில்லை. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. கதவைத் தட்டவும் கை எழவில்லை. அதுதான் பதில் வரவில்லை.

தையல்காரி இறங்கி அவர் கையைப் பிடித்தாள். விறைத்து, சில்லென்று இருந்தது. கைடும் படகோட்டியும் சேர்ந்து அவரைப் படகுக்குக் கொண்டுவந்தார்கள். பல் டாக்டர் சம்சாரம் தன் சால்வையைக் கழற்றிப் போர்த்தினாள். 

படகு கரையைப் பார்த்துத் திரும்பியபின், நாத்தனார் தையல்காரியின் காதருகே குனிந்தார். குரல் காற்றுப்போல வந்தது.

“பூட்டுற சத்தம் கேட்டுது. கத்தினேன். அந்தாளுக்குக் காது மந்தம் போல.”

“ம்.”

“நான் இல்லன்னு எப்பப் பார்த்த?”

“பாதி ஆத்துல, அக்கா.”

“எப்பச் சொன்ன?”

உடனே சொன்னேன் என்று சொல்லிவிடலாம். அவர் உள்ளே இருந்தவர், அவருக்கென்ன தெரியும். சுற்றி இருந்தவர்களுக்கும் தெரியாது. 

“எட்டுப் படி இருந்தப்போ பார்த்தேன். நாலு ஆனப்புறம் சொன்னேன்.”

 நாத்தனார் தையல்காரியின் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிய, கரை வரும்வரை விடவில்லை. பிடித்தது பயத்திலா, கோபத்திலா என்று தையல்காரிக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. கையை மட்டும் அசைக்காமல் வைத்துக்கொண்டாள்.