பதினோரு பேருக்குக் காமாலை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. ஸ்ரீவத்ஸன் சார் கேட்டார். ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். மைசூர்த் தமிழர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, போன மாதம் காலமான முன்னாள் துணைவேந்தர் யக்ஞநாராயணனுக்கு நினைவு மலர் போடுகிறார்கள், இவர்தான் தொகுப்பாசிரியர். மண்டி மொஹல்லாவில் நான் பாடம் எடுக்கும் டுடோரியல் வாசலுக்கு வந்து, ஸ்கூட்டரை ஆஃப் பண்ணாமலே பேசினார்.

“பூவாத்தா, உங்க குடும்பத்துலயே முதல் கிராஜுவேட் நீதானே? அவர் உனக்குப் பண்ணினதை எழுது.”

“அவர் எனக்கு என்ன பண்ணினார்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியாது. தெரிஞ்சா நானே எழுதிட மாட்டேனோ? ரெண்டு பக்கம். வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகணும்.”

சரி என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று அவர் கேட்கவில்லை.

2

முதல் தொடக்கம்: “கல்வி வானில் சுடர்விட்ட மாமனிதர் யக்ஞநாராயணன் அவர்கள்”

(அடித்துவிட்டேன். மலரில் ஏற்கெனவே மூன்று பேர் அவரை வானத்தில் ஏற்றியாயிற்று.)

இரண்டாவது: “என் அப்பா ஆறுமுகசாமி கொத்தனார். துணைவேந்தர் அலுவலகத்தின் மாடிச் சுவரைப் பூசியவர் அவர்தான். அதே மாடிக்கு ஒருநாள் நான்”

(உண்மைதான். ஆனாலும் உங்களை அழவைக்கத்தான் இப்படி ஆரம்பிக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. வேண்டாம்.)

மூன்றாவது: “அந்த ஆள் என் ஒரு வருஷத்தைத் தின்றார்.”

இதை அடிக்கவில்லை. இங்கிருந்தே போவோம்.

3

1991 டிசம்பர். காவிரித் தகராறில் ஊர் பற்றிக்கொண்டது. யார் கடை எரிந்தது, யார் லாரி எரிந்தது என்றெல்லாம் எழுதப் போவதில்லை, இருந்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் ஒரு டிரங்குப் பெட்டியோடு, எல்லையோரத் தமிழ்க் கிராமமான கோபிநத்தத்தில் அத்தை வீட்டுக்கு ஓடினோம். திரும்பி வர ஒன்றரை மாதம் ஆனது. அப்போது நான் பி.ஏ. கடைசி வருஷம். எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. வியாதி என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் துணைவேந்தர் மன்னிக்கலாம். விதி அவ்வளவுதான்.

“ஏனுங்க அப்பா, ஓடிப்போனோம்னே எழுதிக் குடுத்தா என்னங்க?” என்று கேட்டேன்.

“வேண்டாங் கண்ணு. நாம யாருன்னு காயிதத்துல ஏறிச்சுன்னா அப்பறம் எறங்காது. காமாலைன்னு போட்டுரு.”

என்னைப் போலவே ஓடிப்போன தமிழ்ப் பிள்ளைகள் இன்னும் பத்துப் பேர். எல்லா அப்பாக்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். எல்லோரும் போன டாக்டரும் ஒருவரே, கொள்ளேகாலில். அவருக்கு எழுதிப் பழகிய வியாதியும் ஒன்றுதான்போல. பதினோரு பேருக்கும் காமாலை. பதினோரு பேருக்கும் ஒரே தேதியில் குணம்.

(பதினோரு பேரில் ஒருத்தியின் பெயர் காவேரி. என் பக்கத்து பெஞ்சுக்காரி. கதைக்காக வைத்த பெயர் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். மாற்ற மாட்டேன்.)

4

ஏப்ரலில் துணைவேந்தர் யக்ஞநாராயணன், எங்கள் சார்பில் என்னைத்தான் கூப்பிட்டார். பதினோரு சர்டிபிகேட்டுகளும் மேஜையில் வரிசையாக இருந்தன. கன்னடத்தில்தான் பேசினார், அலுவலகத்தில் அவர் வாயில் தமிழ் வந்து யாரும் கேட்டதில்லை.

“என்னம்மா, ஊருக்கே காமாலையா?”

அவரே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து தமிழில் சொன்னார்:

“நிஜத்தை எழுதிக் குடு. இப்பவே கையெழுத்துப் போடறேன். பொய்க் காகிதத்துல நான் போட மாட்டேன்.”

“எழுதினா அந்தப் பேப்பர் எங்க சார் போகும்?”

“ஃபைலுக்கு.”

“ஃபைலை யாரெல்லாம் படிப்பாங்க?”

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“அப்போ காமாலையாவே இருக்கட்டுங்க சார்” என்றேன்.

பதினோரு மனுவையும் தள்ளுபடி செய்தார். அந்த வருஷம் ஊதுபத்தி டப்பாவுக்கு லேபிள் ஒட்டினேன். அடுத்த வருஷம் பரீட்சை எழுதினேன். காவேரி எழுதவில்லை. “ஒரு வருசம் போனது போதும்” என்று அவள் அப்பா மேட்டூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். எங்கள் இருவரில் நன்றாகப் படிப்பவள் அவள்தான்.

5

இங்கே என் கதாபாத்திரம் எனக்குக் கட்டுப்படாமல் போகிறார். வில்லனாக்கி வைத்திருந்தேன், நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் 1992 ஜூலையில் நோட்டீஸ் போர்டில் ஓர் ஆணை ஒட்டினார்கள். ஊர் கலவரத்தில் கிடக்கும் நாட்களை இனிமேல் எல்லோருக்குமே வேலைநாள் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். எந்த மாணவரிடமும் காரணம் கேட்கக்கூடாது. கீழே அவர் கையெழுத்து.

காரணம் கேட்கக்கூடாது. அந்த வரியை அங்கேயே நின்று நாலு முறை படித்தேன். ஜன்னலைப் பார்த்தபடி அவர் யோசித்தது அதுதானோ என்னவோ. அப்படியென்றால் என் கேள்விக்கு மூன்று மாதம் பிந்தி வந்த பதில் அது. எங்களுக்கு உதவவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு உதவும். மலருக்குக் கட்டுரை தந்த யாருக்கும் இந்த ஆணை நினைவில்லை. எல்லோரும் எழுதியிருப்பது ஒன்றைத்தான்: பொய்க் காகிதத்தில் கையெழுத்துப் போடாதவர்.

6

தகவல் சேகரிக்க அவர் மனைவி அன்னபூர்ணி அம்மாளைப் பார்க்கப் போனேன். (போகாமல் இருந்திருந்தால் இந்தக் கதை ஐந்தோடு முடிந்திருக்கும். ஒழுங்கான கதையாகவும் இருந்திருக்கும்.)

“அந்த டிசம்பரா? ஐயோ, ஏன் கேக்கறே! வாசல் போர்டைக் கழட்டிக் கட்டிலுக்கடில வெச்சோம். பத்து நாள் வெளியில தலை காட்டலை. ஆத்துக்குள்ளகூடத் தமிழ் பேசப்படாதுன்னுட்டார். எனக்குக் கன்னடத்துல எல்லாம் வரும், அவரோட சண்டை போட மட்டும் வராது. பத்து நாளும் சண்டையே இல்லை, போ!”

சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

“ஆபீசுக்கு என்னன்னு சொன்னாரும்மா?”

“டைஃபாய்டுன்னு எழுதிக் குடுத்தார். டாக்டர் நம்ம சிநேகிதர்தான்.”

என் கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தேன். பதினோரு பேர் கதையைச் சொன்னேன். குரல் உயரவில்லை, அதற்காக என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

“என்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே” என்றார். பிறகு, “அந்தப் பொண்ணு காவேரிக்குக் குழந்தைகள் இருக்கா?”

“ரெண்டும்மா.”

“டைஃபாய்டு சங்கதியை எழுதிடு. நான் சொன்னேன்னே எழுது. அவர் இருந்தா விட்டிருக்க மாட்டார். இப்போ நான்தானே இருக்கேன்.”

7

முடிவு அ: டைஃபாய்டை விட்டுவிட்டு ஆணையை மட்டும் எழுதுவது. அஞ்சலிக் கூட்டத்தில் கைதட்டுவார்கள். அப்பாவை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள்.

முடிவு ஆ: ஆணையை விட்டுவிட்டு டைஃபாய்டை மட்டும் எழுதுவது. காவேரிக்கு நியாயம் கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் அதை எழுதும்போது நான் இன்னொரு பொய்ச் சர்டிபிகேட் வாங்கியவளாகிவிடுவேன், வேறு டாக்டரிடம்.

முடிவு இ: இரண்டையும் எழுதுவது. பயந்தவர், தன் பயத்தை மறைத்துக்கொண்டு எங்களிடம் தைரியம் கேட்டவர், பிறகு வேறு யாரிடமும் அதைக் கேட்க வேண்டாம் என்று விதியை மாற்றியவர். இவருக்கு மாலை போடுவதா வேண்டாமா என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. இப்படியே இருக்கட்டும்.)

8

இதுவரை எழுதியதை ஸ்ரீவத்ஸன் சாரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். கடைசிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“இதைப் போட முடியாதும்மா. செத்தவர் மேல...”

“சார், அந்த டிசம்பர்ல நீங்க ரயில்வேக்கு லீவு எழுதினீங்களா?”

“எழுதினேன்.”

“என்னன்னு?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாமியார் போயிட்டான்னு.”

“அடப்பாவமே.”

“பாவமென்ன, இன்னிக்குக் கார்த்தாலகூட என்னைத் திட்டினா.”

தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்று வியாழன்.

மலரில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவர் போட்டுவிட்டார். வேறெங்காவது படிக்கிறீர்கள் என்றால் போடவில்லை. அவர் மேல் கோபிக்காதீர்கள்; கோபம் என் வேலை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். துணைவேந்தருக்கு எந்த முடிவு தகும் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால், கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். அந்த டிசம்பரில் உங்கள் வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்று அதில் எழுதுங்கள்.