ரயில் வாரண்டு

“இன்னிக்குங்கூட வரலியா?”

“வரல.”

“நல்லா பாத்தியாப்பா? பழுப்பு கவரு. மேல சிங்க முத்திரை இருக்கும்.”

“தெனம் தபால நான்தான வாங்கறேன். வந்தா குடுக்க மாட்டனா?”

பின்னால் பட்டு நூலை நிறுத்துக்கொண்டிருந்த தங்கவேலு தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், “இன்னா கர்னலு, பாகிஸ்தான்காரன் ஒனக்காக காத்துகினு கீறானா?” என்றார்.

“நானு போயி விசில் அடிச்சாத்தான் ஆரம்பிப்பானாம்ணே” என்று வேலு சிரித்தான். ஆனால் அவன் கண் என் மேஜையை விட்டு நகரவில்லை.

நான் இந்த நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தா. வேலு சேவூரில் தறி நெய்கிறவன். பத்து மாதம் தறி, இரண்டு மாதம் டெரிடோரியல் ஆர்மி. முகாம் நடக்கும் நாட்களுக்குச் சிப்பாய்ச் சம்பளமும் சாப்பாடும் உண்டு. மற்ற நாட்களில் அவரவர் பிழைப்பு அவரவருக்கு. இந்தப் பகுதிநேரப் பட்டாளத்தைப் பற்றிய விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்தவன் நான். போன வருஷம் ஆள் எடுப்புக்கு வேலூர் போனவனும் நான். வேலு துணைக்கு வந்தான், அவ்வளவுதான். எவ்வளவு மூச்சை இழுத்தும் என் மார்பு அளவு நாடாவுக்கு ஓர் அங்குலம் போதவில்லை. துணைக்கு வந்தவனைப் பார்த்து, “நீ சட்டையக் கழட்டு” என்றார்கள்.

இருட்டினால் பூச்சி விழுமென்று அந்திக்கு முன்பே சாப்பிட்டு முடிக்கும் ஜைன வீடு எங்களுடையது. அம்மாவிடம் துப்பாக்கி என்ற சொல்லைக்கூட நான் எடுத்ததில்லை. ஆனால் வாடகை நூலகத்து ருஷ்ய நாவல்களில் எத்தனை முறை பனியில் நடந்திருக்கிறேன்! வேலு ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. அவன் கோயமுத்தூர் முகாமிலிருந்து பூட்ஸோடு வந்து இறங்கினான். தறியில் மிதித்துப் பழகிய கால் தாளம் தப்பவே இல்லை என்று ஹவில்தார் மெச்சினாராம். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். “நீ சொன்ன கதைய அங்க சொன்னேன்டா. குதிரைக்கி கம்பளிய போத்திட்டு பனியில நடந்தே போவானே, அவன் கதை. மொத்த பேரும் அழுதுட்டானுங்க” என்றான். அன்றைக்குத்தான் எனக்கு உள்ளே எரிந்தது. என் பனியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

அவன் தெருவில் தபால் ஒழுங்காக வராது. சங்க விலாசம் கொடு என்று சொன்னதும் நான்தான். கவர் திங்கட்கிழமையே வந்துவிட்டது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அது என்னிடம் இருக்கட்டும் என்றுதான் வைத்துக்கொண்டேன். வீட்டில் பிரித்து, பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்தபடி படித்தேன். உள்ளே ரயில் வாரண்டு, டிக்கெட் வாங்காமல் முகாமுக்குப் போகப் பட்டாளம் தரும் சீட்டு. வரும் திங்கள் காலைக்குள் முகாமில் சேர வேண்டும். சேராதவர் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படும். மறுநாள், பிரித்த கவரை எப்படிக் கொடுப்பது என்று தோன்றியது. அதற்கடுத்த நாள் அந்தக் கேள்வியும் நின்றுவிட்டது.

இன்று சனி.

“திங்கக்கெழம முகாமுன்னு போன தடவையே சொல்லி அனுப்பிச்சாங்க. நாளைக்கி சாயங்காலம் காட்பாடியில வண்டி ஏறுனாக்கூட போய் சேந்துடலாம்” என்றான் வேலு. “பூட்ஸுக்கு பாலிஷ் போட்டு வெச்சிட்டேன். தறியில இருந்த பாவு நூல நெஞ்சி முடிச்சிட்டு அடுத்தது கட்டாம தறிய சும்மா வெச்சிகினு உக்காந்திருக்கேன். பொண்டாட்டி பேஜார் பண்றா.” குரலைத் தாழ்த்தினான். “என்னிய வாணான்னுட்டாங்களாடா?”

நான் பேனாவின் மூடியைத் திறந்து மூடினேன்.

மேஜைமேல் கிடந்த தடித்த நாவலின்மேல் அவன் கையை வைத்தான். அந்தப் பழுப்புக் கவரின் ஒரு முனை பக்கங்களுக்கு நடுவிலிருந்து நகக்கண் அளவு வெளியே தெரிந்தது. அவன் சுண்டுவிரல் அதன்மேல்தான் இருந்தது. மேஜைக்கு அடியில் அவன் வெறுங்கால்கள் இடது, வலது என்று மெல்ல மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன.

“ஒனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, அறவாழி. நானு இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டு, அந்த ஆபீசருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுடா. இப்பவே எழுதறியா?”