நாகேஸ்வரியின் கல்வெட்டு

எனக்காக ஒருத்தியும் படலையைத் தாண்டமாட்டாள்.

உடுப்பிட்டியில் நாகேஸ்வரியின் செத்தவீட்டு முற்றத்தில் நின்றபோது கமலாவதியின் மனதில் முதலில் வந்தது இதுதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. பாடை வாசற் படலையைக் கடந்து ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இறங்கியது. பெண்கள் படலையடியில் நின்று அழுதுவிட்டுத் திரும்பவேண்டும். சுடலைக்குப் போவது ஆண்கள். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்த, நாகேஸ்வரியின் எழுத்தை வாசிக்கிற நாலைந்து இளம் பெண்கள், யாரையும் கேட்காமல், பாடைக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். முன்னால் போன ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டுத் தோளிலிருந்த சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"செத்தும் அடங்கேல்லை," என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

கமலாவதி தலையசைத்தாள். தலையசைத்தது நிம்மதியாக இருந்தது. ஆனாலும் அந்தப் பெண்களின் பின்னல்கள் வளைவில் மறையும்வரை அவள் படலைக் கம்பைப் பிடித்தபடியே நின்றாள்.

ஆசிரியர் கலாசாலையில் இருவரும் ஒரே வாங்கில் பக்கம்பக்கமாக இருந்தவர்கள். அது ஐம்பத்தாறாம் ஆண்டு. அந்த வருடச் சஞ்சிகைக்கு நடந்த கவிதைப் போட்டியில் முதற்பரிசு கமலாவதிக்கு. நாகேஸ்வரிக்கு ஒன்றுமில்லை. ஆனால் மண்டபத்தில் ஆகப் பலமாகக் கைதட்டியவள் அவள்தான். அந்தக் கைதட்டலைக் கமலாவதி இன்றுவரை மன்னிக்கவில்லை. தோற்றவள் அப்படித் தட்டக்கூடாது.

பிறகு கமலாவதி உரும்பிராயில் கலியாணம் செய்து, சோமசேகரத்தின் மனைவியாகி, பாடசாலை விழாக்களுக்கும் கோயில் மலர்களுக்கும் விருத்தங்கள் எழுதினாள். நல்ல விருத்தங்கள். சீர் தவறியதில்லை. சனம் வாசித்து, நல்லாயிருக்கு டீச்சர் என்று சொல்லி, மடித்து வைத்துவிடும்.

நாகேஸ்வரிக்கும் ஒரு நில அளவையாளரைப் பேசினார்கள். சீதனம் முடிவுசெய்ய மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்று அவள் தேத்தண்ணித் தட்டோடு வந்து, தட்டை வைத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் கேட்டாளாம்: "வீடு என்ரை பேரிலைதானே எழுதுறியள்? அப்ப நானே அதிலை இருக்கிறன். இவர் என்னத்துக்கு?" வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து போனார்கள். அடுத்த மாதம் அவள் தகப்பன் சீதனமாகக் கட்டிய அந்த வீட்டில் தனியே குடிபுகுந்தாள். இரவில் கூரை ஓட்டில் கல் விழுந்தது. அவள் உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டுப் பத்திரிகைகளுக்குக் கட்டுரைகள் எழுதினாள்.

சீதனம் வேண்டாம் என்று மேடையில் பேசியவர்கள் எத்தனையோ பேர். நாகேஸ்வரி கலியாணமே வேண்டாம் என்றாள். பெண்ணின் சமையலும் பிள்ளைப்பேறும் கூலி இல்லாத வேலை, கூலி கேட்காமலிருக்கத்தான் அதற்குத் தாய்மை என்று பெயர் வைத்தார்கள் என்று எழுதினாள். பெண்கள் முதலில் பெண்களோடு வாழப் பழகவேண்டும் என்றாள். அதற்கு ஊர் என்ன அர்த்தம் சொன்னதோ அதை அவள் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆணைத் திருத்தலாம் என்று நம்பும் பெண்களைப் பார்த்துச் சிரித்தாள். அவளிடம் இரக்கம் குறைவு. கலியாணம் கட்டிய ஆசிரியைகள் அடுத்த மாட்டுக்குக் கயிறு திரிக்கிறவர்கள் என்று ஒருமுறை எழுதினாள். அதை வாசித்துவிட்டுக் கமலாவதி மூன்று வருடம் அவளோடு கதைக்கவில்லை.

மயிலிட்டியில் நாகேஸ்வரி பேசிய கூட்டத்துக்குக் கமலாவதியும் போயிருந்தாள். அவள் தோற்கவேண்டும் என்ற ஆசையில்தான் போனாள். அந்த ஆசை நிறைவேறியது. மீன் விற்கும் இரத்தினம்மா தலையிலிருந்த ஓலைக் கடகத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "உங்களுக்கு வீடிருக்கு, சம்பளமிருக்கு. எனக்கு அவர் கடலாலை வந்தால்தான் உலை வைக்கலாம். ஆம்பிளை வேண்டாமெண்டு நான் ஆரிட்டைப் போய்ச் சொல்ல?" கூட்டம் சிரித்தது. கமலாவதி அன்று பஸ்ஸில் வரும்போது சந்தோசமாக இருந்தாள். அடுத்த மாதம் நாகேஸ்வரி அந்தக் கேள்வியை அப்படியே, இரத்தினம்மாவின் பேச்சிலேயே அச்சிட்டு, இதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை என்று கீழே எழுதியிருந்தாள். சந்தோசம் அத்தோடு போயிற்று. தோற்றதைக்கூட அவள்தான் எழுதவேண்டுமா?

எல்லாவற்றையும்விட 'ஒப்பம்' என்ற கட்டுரைதான் நெஞ்சில் கிடந்தது. கமலாவதி தன் கவிதைகளைப் புத்தகமாகப் போட ஆசைப்பட்டு, சீதனமாக வந்த தோட்டக் காணியில் ஒரு துண்டை விற்க நினைத்தாள். காணி அவள் பெயரில்தான். ஆனால் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி புருசன் ஒப்பம் வைக்காமல் அவள் அதை விற்க முடியாது. சோமசேகரம் மாட்டேன் என்று சொல்லவில்லை. பிறகு பாப்பம் என்றார். அந்தப் பிறகு வரவேயில்லை. இதை அவள் நாகேஸ்வரியிடம் மட்டும் ஒரு மத்தியானம், கிணற்றடியில், பாதி அழுகையோடு சொன்னாள். அதுதான் கட்டுரையானது. பெயர் இல்லை, ஊர் இல்லை. தன் காணியை விற்க இன்னொருவனின் கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண். கேட்காமலே எடுத்துவிட்டாள். அந்தக் கட்டுரையைப் பத்திரிகைகள் திட்டின. வக்கீல்கள் மறுத்து எழுதினார்கள். பெண்கள் வெட்டி வைத்துக்கொண்டார்கள். சோமசேகரம் சத்தமாக வாசித்துவிட்டு, "உம்மடை சிநேகிதி நெருப்பாத்தான் எழுதுறா. நீரும் ஒருக்கால் இப்பிடி எழுதிப் பாருமன்," என்றார், அதில் இருப்பவர் யாரென்று தெரியாமலே. அந்த மாதம் கமலாவதி எழுதியிருந்தது தேர்த் திருவிழாவைப் பற்றி.

அது என்னுடையது, நான் எழுதியிருக்க வேண்டியது என்று அப்போது நினைத்தாள். நான் எழுதியிருக்க மாட்டேன் என்பதும் அப்போதே தெரிந்திருந்தது.

செத்தவீடு முடிந்து ஒரு கிழமையில் நாகேஸ்வரியின் தமையன் இராசநாயகம் உரும்பிராய்க்கு வந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கல்வெட்டு அடிக்கவேண்டும். படம் போட்டு, பிறந்த ஊர், குலம், வாழ்க்கை எல்லாம் விருத்தத்தில் சொல்லி, கடைசியில் கணவன் புலம்பல், பிள்ளைகள் புலம்பல் என்று பாடும் சிறு புத்தகம். இதை எழுதக் கமலாவதியைவிடப் பொருத்தமானவர் யார்? சிநேகிதி, அதுவும் பேரெடுத்தவ. புலம்பலுக்குப் புருசன் பிள்ளை இல்லைத்தான். மருமகள் புலம்பல் என்று தன் மகளின் பெயரில் ஒன்று போடலாம் என்றார். மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை பகுதியும் அந்தியேட்டிக்கு வரும்.

"நீர் அவவின்ரை எழுத்துகளைப் பற்றி ஒண்டும் போடவேண்டாம், தங்கச்சி," என்றார். "அப்பு செத்தாப் பிறகு குடும்பத்துக்காகத்தான் கலியாணம் கட்டாமல் இருந்தவ எண்டு போடும். கடைசிக் காலத்திலை கோயில் குளமெண்டு இருந்தவ எண்டும் போடலாம்."

தகப்பன் இறந்தது நாகேஸ்வரி அந்தச் சீதன வீட்டுக்குத் தனியே போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு. இது இருவருக்கும் தெரியும். கமலாவதி பார்ப்பம் அண்ணை என்று சொல்லி அனுப்பினாள்.

அடுத்த நாள் பாடசாலை விட்டு வந்ததும் எழுத உட்கார்ந்தாள். வரிகள் தாமாக வந்தன.

அண்ணன்தன் குடிவிளங்க அருமணமும் தான்துறந்து
கண்ணிமைபோல் காத்திருந்த கற்பரசி

கற்பரசி என்ற சொல்லில் கை நின்றது. எவ்வளவு இலகு. நாகேஸ்வரி இதை வாசிக்க முடியாது, பதில் எழுத முடியாது. படலையைத் தாண்டி நடந்த அந்தப் பெண்கள் கையில் இதை வாங்கிப் பார்ப்பார்கள். அவர்களின் முகத்தை நினைத்தபோது கமலாவதிக்கு உள்ளே ஏதோ இனித்தது. எத்தனையோ வருடம் அவளால் செய்ய முடியாததை இரண்டு வரி செய்துவிட்டது. இன்னும் ஆறு விருத்தம் எழுதினாள். மருமகள் புலம்பலில் அவளுக்கே கண் கலங்கியது.

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மறுபடி வாசித்தாள். அடக்கமான பெண். யாருடைய மனதையும் நோகச் செய்யாதவள். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லாதவள். சனம் வாசித்து, நல்லாயிருக்கு டீச்சர் என்று சொல்லி, மடித்து வைக்கும்.

இவள் யார் என்று யோசித்தாள். முகம் தெரிந்த முகமாக இருந்தது. நாகேஸ்வரியின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டால் ஓரிடத்திலும் சீர் தட்டாது.

இவளைப் பார்த்தா நான் எரிந்தேன்? கமலாவதிக்கு நேற்றுவரை இல்லாத ஒரு கோபம் வந்தது. கயிறு திரிக்கிறவள் என்று தன்னைச் சொன்னவள், தன் அழுகையை எடுத்து அச்சிட்டவள், தோற்றபோது கைதட்டியவள், அவளை இந்த மனுசன் ஒரு நல்ல தங்கச்சியாக்கி எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார். அந்த நாகேஸ்வரி இல்லாமற் போனால் இத்தனை வருடப் பொறாமைக்கும் பொருள் இல்லை. தன்னிடம் வேறென்ன இருந்தது, இத்தனை உண்மையாக?

தாள்களைக் கிழித்தாள். வசனத்தில் எழுதினாள். தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டுக் கேட்ட கேள்வியை எழுதினாள். கலியாணத்தைப் பற்றி அவள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். அதில் பலதை நான் ஏற்கவில்லை என்றும் எழுதினாள். கயிறு என்ற சொல்லை எழுதினாள், அது நொந்தது என்றும். இரத்தினம்மாவின் கேள்வியை எழுதினாள். 'ஒப்பம்' பற்றி எழுதினாள். பிறகு, அந்தக் கட்டுரையிலுள்ள பெண் நான்தான், என்னைக் கேட்காமல் எழுதினாள், எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை என்று எழுதினாள்.

சனிக்கிழமை இராசநாயகம் வந்தார். விறாந்தைக் கதிரையில் இருந்து வாசித்தார். வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி, சோமசேகரத்தைப் பார்த்தார். சோமசேகரம் தாள்களை வாங்கிக் கடைசிப் பக்கத்தை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு தாள்களை வைத்துவிட்டு, மாட்டுக்கு வைக்கோல் போடவேண்டும் என்று எழுந்து பின்வளவுக்குப் போனார்.

"இதை அடிக்கேலாது, தங்கச்சி," என்றார் இராசநாயகம். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "பிள்ளையின்ரை கலியாண அலுவல். நான் தகப்பன்."

"ஓம் அண்ணை. விளங்குது."

"நாகலிங்கம் மாஸ்டர் எழுதித் தருவார். நீர் கரைச்சல்படவேண்டாம். ஆனால் ஆக்கியோன் எண்டு உம்மடை பேரைப் போடுவம். சிநேகிதி எழுதினதெண்டால்தான் சனம் நம்பும்."

பின்வளவில் கப்பியில் கயிறு ஓடும் சத்தம் கேட்டது. சோமசேகரம் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்.

கமலாவதி தாள்களை எடுத்து ஓரங்களைச் சரிசெய்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவர் எழுதட்டும், அண்ணை. என்ரை பேர் வேண்டாம்."

"பேர் மட்டும்தானே கேக்கிறன்."

"ஓம்," என்றாள் அவள். "அதைத்தான் தரேலாது."