குறட்டை நின்ன நேரம்

எங்க வீட்டுக்காரருக்குக் குறட்டையே கிடையாதாம். நர்ஸ் கேட்டப்போ அப்படித்தான் சொன்னாரு, கொஞ்சம்கூடக் கூசாம, என் முகத்துக்கு நேரா. அவரு விடுற குறட்டைக்கு எதிர்வீட்டு நாய் எழுந்து குரைக்கும். அந்த மனுஷன்தான் இப்படிச் சொல்றாரு.

ரெண்டு வாரமா அவருக்கு மோஷன்ல ரத்தம். குடலுக்குள்ள குழாய் விட்டுப் பாத்துரலாம்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் வேண்டாம், பரிசோதனை ரூம்லயே ஒரு ஊசி போட்டுத் தூங்க வச்சு முடிச்சிரலாம்னாங்க. ஊசின்னதும் இவரு வீரமா தலையாட்டினாரு. கை மட்டும் என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

நர்ஸ் வந்து ஒவ்வொண்ணா கேட்டா. கடைசியா எப்போ சாப்பிட்டீங்க, என்னென்ன மாத்திரை போடுறீங்க, பல்லு ஏதாவது ஆடுதா, குறட்டை உண்டா. "அதெல்லாம் இல்லம்மா"ன்னாரு. அவ சும்மா விடலை, என்னைப் பாத்துத் திரும்பினா. "நீங்க சொல்லுங்கக்கா."

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள, கூட வந்திருந்த என் நாத்தனார் முந்திக்கிட்டா. "எங்க அண்ணன் தூங்குற இடமே தெரியாது."

இவ கல்யாணமாகிப் போனதே எந்தக் காலத்துல. இவ சாட்சி சொல்றா. நான் மறுத்துப் பேசினா, நாலு பேர் முன்னாடி அண்ணனை அசிங்கப்படுத்திட்டான்னு வீடு வீடாப் போய்ச் சொல்லுவா. எதுக்கு வம்பு, ஒரு குறட்டைக்குப் போய்ப் பஞ்சாயத்தான்னு பேசாம இருந்துட்டேன். இவரைப் படுக்க வச்சு உள்ள தள்ளிட்டுப் போயிட்டாங்க.

அடுத்த பெஞ்சில ஒரு பெரியவர், கூட அவரு மகன். நர்ஸ் அவங்ககிட்டயும் அதே கேள்வியைக் கேட்டா. மகன் சிரிச்சான். "எங்கப்பா தூங்கினா தெருவே முழிச்சுக்கும்."

நர்ஸ் சிரிக்கலை. "நடுவுல நிக்குமா? கொஞ்ச நேரம் சத்தமே இல்லாம இருந்துட்டு, திடீர்னு திணறி மூச்சு விடுவாரா?"

"ஏங்க, அதுல என்ன?"

"அப்படின்னா தூக்கத்துல தொண்டை அடைச்சுக்கிட்டு மூச்சு நிக்குதுன்னு அர்த்தம். மயக்க ஊசி போட்டா இன்னும் அடைக்கும். முன்னாடியே தெரிஞ்சா அதுக்குத் தகுந்த ஏற்பாடு பண்ணிக்குவோம். தெரியாமப் போட்டாத்தான் ஆபத்து."

நான் அவங்க பக்கம் திரும்பினேன்.

ஏன்னா அந்த இடைவெளி எனக்குத் தெரியும். இப்போ நான் மகளோட ஹால்ல படுக்குறேன். அதுக்கு முன்னாடி எத்தனையோ வருஷம் அவரு பக்கத்துல காதுமேல தலையணையை அமுக்கிக்கிட்டுக் கிடந்திருக்கேன். திடீர்னு சத்தம் நிக்கும். அப்பாடா, ஒழிஞ்சுதுடான்னு அந்த நேரத்துலதான் நான் கண்ணசருவேன். அந்த மனுஷன் மூச்சில்லாமக் கிடந்திருக்காரு. நான் நிம்மதியாத் தூங்கியிருக்கேன்.

எழுந்து நர்ஸோட கையைப் பிடிச்சுட்டேன். "பொய் சொல்லிட்டோம்மா. விடுவாரு. நடுவுல நிக்கும்."

அவ ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலை. முகம்தான் மாறுச்சு. கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போனா. நானும் பின்னாலேயே போய் வாசல்ல நின்னேன். வெளிய போன்னு யாரும் சொல்லலை.

ஒருக்களிச்சுப் படுத்திருந்தாரு. மூக்குல ஆக்சிஜன் குழாய். தலைமாட்டுல இன்னொரு நர்ஸ். அவளுக்கு வேற வேலையே கிடையாது, இவரு மூச்சை மட்டும் பாத்துக்கிட்டு நிக்கணும். முதல் ஊசி ஏறியாச்சு, ரெண்டாவது ஊசி டாக்டரம்மா கையில. எங்க நர்ஸ் விஷயத்தைச் சொன்னதும் அந்தக் கை அப்படியே நின்னுச்சு.

அப்போதான் குறட்டை ஆரம்பிச்சுது. அசல் எங்க வீட்டுக் குறட்டை. எனக்குப் பின்னால நாத்தனார் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது தெரிஞ்சுது.

சட்டுன்னு நின்னுருச்சு.

மெஷின் பாட்டுக்கு டிக் டிக்னு அடிச்சுக்கிட்டு இருக்கு, அதுக்கு ஒண்ணும் தெரியலை. தலைமாட்டு நர்ஸ்தான் சொன்னா, "டாக்டர், நெஞ்சு ஏறுது, காத்து வரலை."

"தாடையைத் தூக்குங்க. மாஸ்க் எடுங்க. மயக்கத்துக்கு முறிவு ஊசி போடுங்க."

சத்தமாப் பேசுனது ஒருத்தரும் இல்லை. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு. மெஷினோட டிக் டிக் சுருதி இறங்க ஆரம்பிச்சுது, ரத்தத்துல ஆக்சிஜன் குறையுதுன்னு அர்த்தமாம். இறங்குச்சு, இன்னும் இறங்குச்சு. நர்ஸ் தாடையை முன்னால தூக்கிப் பிடிச்சிருக்கா, ஒருத்தர் மாஸ்க்கை முகத்துல அமுக்கி, அதுல மாட்டின காத்துப் பையைப் பிழியுறாரு. நான் கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கடவுளே, எழுப்பிக் குடுத்துரு, இந்த ஜென்மத்துல குறட்டைன்னு ஒரு வார்த்தை பேச மாட்டேன். வேற எதுவும் வேண்டத் தோணலை.

அப்புறம் வந்துச்சு ஒரு சத்தம், துருப்பிடிச்ச ஷட்டரைத் தூக்குற மாதிரி. மூச்சு. நான் அங்கேயே தரையில உக்காந்துட்டேன்.

டாக்டரம்மா வெளிய வந்து சொன்னாங்க. "இன்னைக்கு வேண்டாம். சீக்கிரமே வேற நாள் தியேட்டர்ல, மயக்க டாக்டரைக் கூட வச்சுப் பண்ணிக்கலாம். ரெண்டாவது ஊசியும் ஏறியிருந்தா ரொம்பக் கஷ்டமாப் போயிருக்கும்மா."

நல்லாத் தெளியுற வரைக்கும் நர்ஸ் அவரை விட்டு நகரலை. முறிவு ஊசியோட வேகம் அடங்கினா மறுபடி மயங்கலாமாம். நாத்தனார் அண்ணன் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. "எனக்குத் தெரியாது அண்ணி."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல?"ன்னேன். அதுக்கப்புறம் அவளைத் திட்ட வாய் வரலை.

அவரு கண்ணைத் திறந்தாரு. "முடிஞ்சுதா?"

"இல்லை. இன்னொரு நாள் வரணும்."

"அப்போ குடலைக் கழுவ நேத்துக் குடிச்ச அந்தப் பேதித் தண்ணியை மறுபடியும் குடிக்கணுமா?"

"குடம் குடமாக் குடிங்க." சிரிக்கப் பாத்தேன், அழுகைதான் வந்துச்சு. நடந்ததை மெதுவாச் சொன்னேன். என் முந்தானை மறுபடி அவரு கையில இருந்துச்சு.

"இனிமே நான் ஹால்ல படுக்கலை, உங்க பக்கத்துலதான்"னேன்.

அவரு முந்தானையை இழுத்து என்னைக் கிட்டக் கூப்பிட்டாரு. அப்புறம் தங்கச்சி காதுல விழாம, மெல்லமாச் சொன்னாரு. "நான் குறட்டை விடுவேனே."

கல்யாணமான நாள்லேர்ந்து அந்த மனுஷன் ஒத்துக்கிட்டது அன்னைக்குத்தான்.

"தாராளமா விடுங்க. நிறுத்தினாத்தான் எழுப்புவேன்"னேன்.