பூசையில் வைத்த மடிக்கணினி

அரசாங்கம் எனக்குக் கொடுத்த மடிக்கணினிக்கு எங்கள் வீட்டில் என்னைவிட மரியாதை அதிகம். சரஸ்வதி பூசைக்கு அம்மா அதைக் குளிப்பாட்டவில்லை, அவ்வளவுதான். காலையிலேயே புத்தக அடுக்கின் மேல் ஏற்றி, மாலை போட்டு, கேமரா கண்ணை மறைத்துச் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டாள். பக்கத்தில் பொரியும், அவள் பீடி இலை வெட்டும் கத்தரியும்.

மதியம்தான் எனக்கு நினைவு வந்தது. கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க மாலை ஐந்து மணி கடைசி. நாளை, நாளை என்று தள்ளிப்போட்டது என் தப்புதான். தொகை வராவிட்டால் இரண்டாம் வருடம் கிடையாது. முக்கூடல் கடைத்தெருவுக்கு ஓடினேன். பிரவுசிங் சென்டரும் வாசலில் வாழைக்கன்று கட்டிக் கதவைச் சாத்தியிருந்தது.

"பூசையில வச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும். இன்னைக்குத் தொட்டா படிப்பு போயிரும்," என்றாள் அம்மா.

"தொடலைன்னாலும் போயிரும்மா!"

"சும்மா கிட, ஏட்டி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தொட்டா போயிரும்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எட்டாப்பு படிக்கையில நான் தொட்டேன், கணக்கு நோட்டை. மறுமாசமே எங்கய்யா பள்ளிக்கூடத்தை நிப்பாட்டி, பீடித்தட்டை மடியில வச்சுட்டாரு."

நிறுத்தியது தாத்தா, நோட்டு இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. இத்தனை வருடமும் பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்ததும் அழுகை முந்திக்கொண்டது.

அம்மா என்னைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபது. விடுவிடுவென்று போய் மடிக்கணினியை மாலையோடு தூக்கினாள்.

"எனக்குப் போக வேண்டியது அன்னைக்கே போயாச்சு. இனிமே என்ன போகும்? நீ தொடாத, தள்ளி இரு. சொல்லு, நான் அடிக்கேன்."

ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றும் விரல்கள், அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடின. தேன்மொழி என்ற என் பெயரை அடிக்கவே ஐந்து நிமிடம். ஓர் எழுத்தை அழிக்கச் சொன்னால் அப்பா பெயர் முழுதும் போனது.

"விரலை எடும்மா!"

"கத்தாத. அவ பாத்துக்கிட்டு இருக்கா," என்று சரஸ்வதி படத்தைக் காட்டினாள்.

நாலு ஐம்பத்தெட்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. எனக்கு உயிர் வந்தது. மூடச் சொன்னேன். அம்மா மூடவில்லை. திரையைப் பார்த்தபடியே பையக் கேட்டாள்.

"ஏட்டி, தனியா பத்தாப்பு பரீட்சை எழுதுதவங்களுக்குக் கடைசித் தேதி எப்பன்னு பாரு. ஒன்னைய மாதிரி நான் கடைசி நாள் வரைக்கும் உக்காந்திருக்க மாட்டேன்."