லெஸ்தாரியின் உம்மா

கத்தாரில், தோஹாவின் நஜ்மா பகுதியில் கலீலுர் ரஹ்மானின் சிடி கடையில் தமிழ், மலையாளம், இந்தி எல்லாம் உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கடையில் நிற்க இடமில்லாமல் போவது இந்தோனேசியப் படங்களாலும் பாட்டுகளாலும்தான். அதிராம்பட்டினத்துக்காரரான அவர் பினாங்கில் பதினோரு வருஷம் ஜவுளிக்கடையில் நின்றவர். மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அரபி வீடுகளில் வேலை பார்க்கும் ஜாவாப் பெண்கள் வாய்விட்டுப் பேச முடிந்த கடை அது ஒன்றுதான். ஜகார்த்தாவிலிருந்து ஓர் ஆள் டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அனுப்புவார்.

2005ஆம் வருஷம் வந்த ஒரு சிடியில் டாங்டுட் பாட்டுப் போட்டி இருந்தது. தபலாவும் புல்லாங்குழலுமாக, கண்ணை மூடிக் கேட்டால் நம் பழைய சினிமாப் பாட்டுக்குத் தங்கச்சி போல இருக்கும் சங்கீதம். பதினெட்டு வயசுப் பெண் ஒருத்தி மேடையேறியதும், கடையில் நின்றிருந்தவர்களில் ஒருத்தி கறிகாய்ப் பையைக் கீழே போட்டுவிட்டுக் கூவினாள்.

"அபாங், அது என் மக! என் லெஸ்தாரி!"

அபாங் என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்.

கூவியவள் சித்தி மரியம். மகளை ஒன்பது வயசில் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவள். அதன் பிறகு இரண்டே தடவை ஊர் போனவள். மகள் போட்டிக்குப் போயிருப்பது போனில் தெரியும். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். மேடையில் மகள் உடுத்தியிருந்த, மணி தைத்த கறுப்புத் துணி மரியம் இங்கிருந்து அனுப்பியது. அதைத் தொடுவதுபோல டிவி கண்ணாடியைத் தொட்டாள்.

மூன்றாவது சிடி வந்த வெள்ளிக்கிழமை அவள் மட்டும் முன்னதாகவே வந்துவிட்டாள். பாட்டுக்கு முன்னால் லெஸ்தாரியின் கிராமத்தைக் காட்டினார்கள். ஒரு கபுர், புதைத்த மேடு. அதன் பக்கத்தில் மரியத்தின் போட்டோ. "உம்மா இறந்து ஏழு வருஷமாச்சு. உம்மாவுக்காகத்தான் பாடுறேன்" என்று லெஸ்தாரி அழுதாள். அக்கம்பக்கத்தார் வட்டமாக உட்கார்ந்து, இறந்தவருக்காக யாசீன் ஓதினார்கள். நடுவில் மரியத்தின் தங்கை, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தபடி.

கலீலுர் ரஹ்மான் அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்த வாடிக்கையாளரிடம், "கலாஸ் தம்பி, கடை மூடியாச்சு, அப்புறமா வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். ரிமோட்டை எடுத்தார்.

"நிறுத்தாதீங்க அபாங். அவ இன்னும் பாடலையே."

"அது யாரு கபுரு மரியம்?"

"என் மாமியாரோடது."

டிவியில் துஆ கேட்டார்கள். மரியமும் தன்னை அறியாமல் கையேந்தியிருந்தாள். அவர்கள் ஆமீன் சொன்னபோது அவள் உதடும் அசைந்தது.

லெஸ்தாரி பாடினாள். நடுவர்கள் எழுந்து நின்று அழுதார்கள்.

மரியம் கடைப் போனிலிருந்தே மகளைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கத்து அழுகை கலீலுர் ரஹ்மானுக்கும் கேட்டது. இவளோ, "சாப்பிட்டியா? தொண்டைக்கு இஞ்சி போட்டுக் குடி. இல்லம்மா, எனக்குக் கோபமில்ல" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"வெளிநாட்டுல வேலை பாக்குற தாய் வீட்டுக்கு வீடு இருக்காளாம். அதுக்கு யாரும் எஸ்எம்எஸ் ஓட்டுப் போட மாட்டாங்கன்னு டிவிக்காரங்க சொல்லிட்டாங்களாம். பெருநாளுக்கு நான் ஊருக்கு வர வேணாம்னு கேட்டுக்கிறா."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

லெஸ்தாரி ஜெயித்தாள். தாயில்லாப் பிள்ளையின் பாட்டு என்று அவளுடைய ஆல்பம் ஜாவா முழுக்க விற்றது, நஜ்மாவுக்கும் வந்தது. போட்டி முடிந்த பிறகாவது மரியம் ஊருக்குப் போவாள் என்று கலீலுர் ரஹ்மான் எதிர்பார்த்தார். அவளோ எஜமானியம்மாவிடம் லீவு வேண்டாம், இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து நின்றாள்.

அவர் கையிலிருந்த சிடியைக் கீழே வைத்தார். "உசுரோட இருக்கிற மனுசி சொந்த ஊருக்குப் போறதுல என்ன குத்தம்? நெஞ்சறிய செத்தவளா நடிப்பியா?"

"நான் போய் நின்னா அவ பொய்க்காரி ஆயிடுவா அபாங். ஊரே அவளுக்காக வாய மூடிக்கிட்டு இருக்கு. நான் எப்படி அதை உடைப்பேன்?"



அந்த வெள்ளிக்கிழமை, ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு ஜாவாப் பெண் லெஸ்தாரியின் ஆல்பத்தைக் கேட்டு வாங்கினாள். அட்டைப்படத்தைப் பக்கத்தில் நின்ற மரியத்திடம் காட்டி, "பாவம், தாயில்லாத பொண்ணு. எப்படிப் பாடுறா பாருங்க அக்கா" என்றாள்.

மரியம் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆமா. பெத்தவ இருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

கலீலுர் ரஹ்மானால் அங்கே நிற்க முடியவில்லை. சரக்கு எடுப்பவர்போல உள்ளறைக்குப் போய், பெட்டிகளுக்கு நடுவில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.